உறையாத ரத்தத்தில் கட்டி வந்தது எப்படி?

கேள்வி: குமரி மாவட்டம் குலசேகரத்துக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அப்பாவுக்கு வயது 54. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. ஐப்பசியில் ஒருநாள், மழை விட்டிருந்த அதிகாலை நாலரை மணிக்கு, தோட்டத்தில் இடது பாதத்தில் பாம்பு கடித்துவிட்டது. என்ன பாம்பு என்று அவர் பார்க்கவில்லை. துண்டால் காலை இறுகக் கட்டி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்து இருபது நிமிடம் வைத்திருந்தார்கள். உறையவில்லை என்று சொல்லி விஷமுறிவு மருந்து 10 குப்பி ஏற்றினார்கள். ஆறு மணி நேரம் கழித்தும் உறையாததால் இன்னொரு 10 குப்பி. மறுநாள் காலை ரத்தம் உறைந்தது. பிழைத்துவிட்டார் என்று நினைத்தோம். அன்று மாலையே கன்னம் இரண்டும் பொன்னுக்கு வீங்கி வந்ததுபோல் வீங்கின. மூன்றாம் நாள் சிறுநீர் குறைந்தது. தட்டணுக்கள் 32,000, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 6.8. ஏழு முறை டயாலிசிஸ் செய்தார்கள். "சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ரத்தக் கட்டி அடைத்திருக்கிறது, கம்ப்ளிமென்ட்டும் காரணமாக இருக்கலாம்" என்றார் டாக்டர். இப்போது நான்கு வாரம் ஆகிறது. டயாலிசிஸ் நிறுத்திப் பத்து நாள். சிறுநீர் நன்றாகப் போகிறது. தட்டணுக்கள் 1.9 லட்சம், கிரியாட்டினின் 2.4. உறையாத ரத்தத்தில் கட்டி எப்படி வரும்? கம்ப்ளிமென்ட்டைத் தடுக்கும் ஊசி ஒன்று இருக்கிறது, பல லட்சம் ஆகும் என்று துபாயிலிருக்கும் மாமா சொல்கிறார். வீட்டை ஒட்டிய 10 சென்ட் நிலத்தை விற்று அதைப் போடலாமா? பிளாஸ்மா மாற்றியிருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா? முதலிலேயே நாட்டு வைத்தியரான ஆசானிடம் பச்சிலை கட்டியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அம்மா தினமும் அழுகிறார்.
— குலசேகரம் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிலத்தை விற்காதீர்கள். மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இந்த ஒரு வரியை முதலில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

உறையாத ரத்தத்தில் கட்டி எப்படி என்று மருத்துவ மாணவர்களைக் கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். ரப்பர் வீட்டில் வளர்ந்த உங்களுக்கு விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பாலை டிஷ்ஷில் ஊற்றித் தண்ணீர் கலந்து ஆசிட் விடுகிறீர்கள். உறைந்ததை எடுத்து ரோலரில் கொடுக்கிறீர்கள். டிஷ்ஷில் மிஞ்சிய மங்கலான தண்ணீரில் மறுபடி ஆசிட் ஊற்றிப் பாருங்கள். குப்பியைக் கவிழ்த்தாலும் ஷீட் வராது. உறையக்கூடியது எல்லாம் ஏற்கெனவே உறைந்து வெளியே போய்விட்டது.

உங்கள் அப்பாவைக் கடித்திருக்கக்கூடிய கண்ணாடி விரியன் செய்வது இதைத்தான். நம் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருப்பவை. காயம் பட்டால் ஒன்று விழித்து அடுத்ததை வெட்டி எழுப்பும், அது அதற்கடுத்ததை. கடைசியில் த்ராம்பின் எழுந்து, ஃபைப்ரினோஜென் என்ற கரைந்த புரதத்தை நாராக மாற்றும். விரியனின் விஷத்துக்கு இந்த வரிசையில் காத்திருக்கும் பொறுமை கிடையாது. நடுவில் இருக்கும் பத்தாம் காரணியையும் ஐந்தாம் காரணியையும் நேராகப் பிடித்து எழுப்பிவிடும். உடம்பெங்கும் அவசர அவசரமாக நார் உண்டாகிறது. உடம்பு அதை அதே வேகத்தில் கரைக்கிறது. நூறு மில்லி ரத்த நீரில் 200 முதல் 400 மில்லிகிராம் வரை இருக்க வேண்டிய ஃபைப்ரினோஜென் சில மணி நேரத்தில் ஏறக்குறைய துடைத்தெடுத்ததுபோல் ஆகிவிடும். குழாயில் டாக்டர் பார்த்தது அந்த மிச்சத் தண்ணீரை. விஷம் ரத்தத்தை உறையவிடாமல் தடுத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது உறையவைத்தே தீர்த்துவிட்டது.

இந்த விஷத்தின் வேகம் மருத்துவத்துக்கும் பயன்பட்டிருக்கிறது. 1796இல் இந்தியப் பாம்புகளைப் பற்றி நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவரின் பெயரைத்தான் ஆங்கிலத்தில் இந்தப் பாம்புக்கு வைத்திருக்கிறார்கள். 1934இல் மக்ஃபார்லேன், பார்னெட் என்ற ஆய்வாளர்கள் இதன் விஷத்தை நன்றாக நீர்த்து, ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபீலியா நோயாளிகளின் காயத்தில் வெளிப்பூச்சாக வைத்து ரத்தத்தை நிறுத்திக் காட்டினார்கள். அதே மக்ஃபார்லேன்தான் 1964இல் உறைதல் புரதங்களின் சங்கிலி வரிசையை விளக்கினார். திரும்பத் திரும்பக் கருச்சிதைவாகும் பெண்களுக்கு இன்று லேபில் எடுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனையில் சேர்ப்பதும் நீர்த்த கண்ணாடி விரியன் விஷம்தான்.

இருபது நிமிடப் பரிசோதனையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். சிலர் அதைக் கேலி செய்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மில்லி ரத்தம், புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாய், அசைக்காமல் இருபது நிமிடம், பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது. அவ்வளவுதான். பிளாஸ்டிக் குழாய் உதவாது. கண்ணாடியின் மேற்பரப்புதான் உறைதலைத் தொடங்கிவைக்கிறது. நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது ஓர் இரவு, சோப்புப் போட்டுக் கழுவிவைத்த குழாயில் ரத்தம் எடுத்துவிட்டேன். உறையவில்லை. விஷமுறிவு மருந்தை உடைக்கப் போன என் கையை மூத்த நர்ஸ் ஒருவர் பிடித்து நிறுத்தி, புதுக் குழாயில் எடுக்கச் சொன்னார். கெட்டியாக உறைந்தது. அந்த நோயாளியைக் கடித்தது சாரை என்று மறுநாள் தெரிந்தது. அந்த அக்காவுக்கு நான் இன்னும் நன்றி சொல்லி முடிக்கவில்லை.

விஷமுறிவு மருந்து, சுற்றிவரும் விஷத்தைப் பிடித்துக் கட்டிப்போடும். தீர்ந்துபோன சரக்கை அது திருப்பித் தராது. அதைக் கல்லீரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். ஆறு மணி நேரம் காத்திருந்து மறுபடி பார்ப்பது அதனால்தான். உங்கள் அப்பாவுக்கு ஒரே நாளில் ரத்தம் உறைந்ததை வைத்து, கடித்தது கண்ணாடி விரியனாக, கேரள எல்லையோரத்தில் அணலி என்பார்களே அதுவாக, இருக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். நம் ரப்பர் தோட்டங்களில் சருகோடு சருகாகக் கிடக்கும் இன்னொரு பாம்பும் உண்டு: மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய சிறிய குழிவிரியன். நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே தயாராவது. குழிவிரியன் விஷத்துக்கு அது வேலை செய்யாது. அது கடித்தால் எத்தனை குப்பி ஏற்றினாலும் ரத்தம் நாள்கணக்கில் உறையாமல் இழுத்தடிக்கலாம்.

இனி மூன்றாம் நாளுக்கு வருவோம். உங்கள் குழப்பம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. முதல் நாள் நடந்ததும் மூன்றாம் நாள் நடந்ததும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்கள் என்று நினைக்கிறீர்கள். அப்படியல்ல. ரத்தம் உறையத் தொடங்கிய பிறகுதான் அப்பாவின் தட்டணுக்கள் இறங்கின. முதல் நிகழ்ச்சியில் தீர்ந்தது உறைதல் புரதம். இரண்டாவதில் கெட்டது ரத்தக் குழாயின் உட்பூச்சு.

அந்த உட்பூச்சில் விஷம் பட்டு அரிக்கும்போதுதான் கம்ப்ளிமென்ட் உள்ளே வருகிறது. கிருமிகளை எதிர்க்கும் காவல் புரதங்கள் இவை, பாடநூல் தமிழில் நிரப்புப் புரதங்கள். ரத்த நீரிலும் அணுக்களின் மேற்பரப்பிலுமாக முப்பதுக்கும் மேற்பட்டவை. ரத்த நீரை 56 டிகிரி வரை சூடாக்கினால் கிருமியைக் கொல்லும் திறன் போய்விடுகிறது, எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) மட்டும் மிஞ்சுகிறது என்று 1890களில் ஜூல் போர்டே என்ற விஞ்ஞானி கண்டார். 1919க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எதிர்ப்பொருளின் வேலையை நிரப்பிக் கொடுப்பது என்ற பொருளில் கம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தவர் பால் எர்லிக். துணைக்கு வந்தது என்று அவர்கள் நினைத்தது, உண்மையில் எதிர்ப்பொருளைவிட மிகப் பழைய காவல்.

இந்தக் காவலுக்கு ஒரு விசித்திரமான குணம். எதிரி வந்தால்தான் எழும் என்றில்லை. சி3 என்ற நடுநாயகப் புரதம் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே எழுந்துகொண்டிருக்கும். நீறு பூத்த நெருப்புதான். நம் சொந்த அணுக்கள் எரிந்துபோகாமல் இருப்பதற்குக் காரணம், அவற்றின் மேல் அந்த நெருப்பை உடனுக்குடன் அணைக்கும் புரதங்கள் இருப்பது. எச் காரணி அவற்றில் ஒன்று. உட்பூச்சு சேதமானால் அணைக்கும் ஏற்பாடும் சேதமாகிறது. நெருப்பு பற்றினால் மூன்று காரியம் நடக்கும். சேதமான இடத்தில் சி3 துண்டுகள் ஒட்டி அடையாளம் வைக்கும். சி5 என்ற இன்னொரு புரதத்திலிருந்து வெட்டுப்படும் சி5ஏ என்ற துண்டு வெள்ளணுக்களைக் கூவி அழைத்து, குழாய்ச் சுவரைக் கசியவிடும். கடைசிப் புரதங்கள் சேர்ந்து அணுவின் தோலில் துளை போடும்.

அப்பாவின் கன்னம் வீங்கியது இந்தக் கசிவினால் இருக்கலாம். கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்குக் கன்னமும் கண்ணின் வெள்ளைப் பகுதியும் வீங்குவதைத் தென்கேரளத்திலும் நம் பக்கத்திலும் மருத்துவர்கள் நன்கறிவார்கள். எங்களுக்கு அது அபாய மணி. விஷம் நேரடியாகச் சுவரைத் துளைப்பதும் அதில் உண்டு, உடம்பே கிளப்பிவிடும் அழற்சியும் உண்டு. இலங்கையில் பாம்பு கடித்தவர்களின் ரத்தத்தை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், விஷமுறிவு மருந்து ஏற்றும் முன்பே கம்ப்ளிமென்ட் துண்டுகள் கூடியிருந்தன. எனவே வீக்கம் எல்லாம் மருந்தின் கோளாறு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ரத்த உறைதலும் கம்ப்ளிமென்ட்டும் ஒரே மாதிரி வேலை செய்பவை. தூங்கும் புரதம் ஒன்றை ஒன்று வெட்டி எழுப்பும் சங்கிலிகள். ஒருவர் வீட்டுச் சண்டைக்கு மற்றவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரும் பங்காளிகள். உறைதல் பக்கத்து த்ராம்பின், கம்ப்ளிமென்ட் பக்கத்து சி5ஐ வெட்டும். அந்தப் பக்கத்து சி5ஏ, குழாய்ச் சுவரையும் வெள்ளணுக்களையும் உசுப்பி, உறைதலைத் தொடங்கும் பொருளை வெளியே தள்ளவைக்கும். வங்காள விரிகுடாவிலும் வாழும் குதிரைலாட நண்டுக்கு உறைதலும் கிருமிக் காவலும் இன்றுவரை பாகம் பிரிக்காத ஒரே குடும்பம். கிருமியின் நச்சு பட்டாலே அதன் நீல ரத்தம் உறைந்துவிடும். ஊசி மருந்துகளில் அந்த நச்சு கலந்திருக்கிறதா என்று சோதிக்க அந்த நண்டின் ரத்தத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் பங்காளிச் சண்டை சிறுநீரகத்தில் நடந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள். ஒவ்வொன்றும் முடியைவிட மெல்லிய குழாய்களின் முடிச்சு. சேதமான சுவரில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. பட்டையில் வெட்டிய இடத்தில் பால் சில மணி நேரத்தில் தானே நின்றுவிடுகிறதே, அதற்குக் காரணம் பாலில் மிதக்கும் லூட்டாய்டு என்ற நுண்பைகள் உடைந்து ரப்பர் துகள்களை ஒட்டவைப்பது. தட்டணுக்கள் நமக்கு அதே வேலையைச் செய்பவை. ஆனால் இங்கே வெட்டே இல்லாத குழாயில் அடைப்பு. அந்த இடுக்கில் நுழையும் சிவப்பணுக்கள் கிழிந்து தொப்பி வடிவில் வெளியே வரும். அப்பாவின் ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்தவர் அந்தக் கிழிந்த அணுக்களைக் கண்டுதான் கட்டி என்று சொல்லியிருப்பார். அது காலில் வரும் பெரிய கட்டியல்ல. உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினோ ஆஸ்பிரினோ கொடுத்துக் கட்டுப்படுத்தும் வகையுமல்ல. விரியன் கடித்தவருக்கு ஹெப்பாரினால் நன்மை இல்லை, கெடுதல் வரலாம்.

மாமா சொல்லும் ஊசிக்கு வருகிறேன். அது எக்குலிசுமாப் ஆக இருக்கும். சி5 வெட்டுப்படாமல் பிடித்துக்கொள்ளும் மருந்து. இரவில் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கறுக்கும் ஓர் அரிய நோய்க்கு 2007இலும், பரம்பரைக் குறையால் கம்ப்ளிமென்ட் அணையாமல் சிறுநீரகத்தை எரிக்கும் நோய்க்கு 2011இலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்த நோயாளிகளுக்கு அது உயிர் மருந்து என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர்களிடம் அணைக்கும் புரதமே பழுது. நெருப்பு தானாக அடங்காது. உங்கள் அப்பாவிடம் தீ வைத்தவன் ஓடிவிட்டான், தீயும் அடங்கிவிட்டது. தட்டணுக்கள் 1.9 லட்சத்துக்கு ஏறியிருப்பதும், டயாலிசிஸ் இல்லாமல் பத்து நாள் ஓடியிருப்பதும் அதைத்தான் சொல்கின்றன. அணைந்த அடுப்பில் தண்ணீர் ஊற்ற 10 சென்ட் எதற்கு? பாம்புக்கடிக்கு இந்த மருந்து பலன் தருமென்று ஒப்பிட்டுக் காட்டிய ஆய்வும் கிடையாது. தவிர, சி5ஐத் தடுத்தால் மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸ் கிருமிக்குக் கதவு திறந்ததுபோல் ஆகும். தடுப்பூசி போட்டுக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தட்டணுக்கள் மறுபடி இறங்கினாலோ, புதுக் காரணமில்லாமல் கிரியாட்டினின் ஏறினாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படிச் சிறுநீரகம் பழுதாகியிருந்தாலோ நான் வேறு மாதிரி யோசிப்பேன். அப்போது சி3, சி4 என்ற கம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவுகளிலிருந்து தொடங்க வேண்டும்.

ரத்த நீரை எடுத்துவிட்டு வேறு ஏற்றும் பிளாஸ்மா மாற்றும் சிகிச்சை இன்னொரு நோயில் உயிரைக் காக்கிறது. பாம்புக்கடியில் அதைச் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஆஸ்திரேலியாவில் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள், பலன் நிரூபணமாகவில்லை. உங்கள் டாக்டர் செய்யாமல் விட்டது குறையல்ல.

பாம்பு விஷமும் கம்ப்ளிமென்ட்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு வேடிக்கை உண்டு, சொல்லாமல் போக மனமில்லை. நல்ல பாம்பின் விஷத்தைச் சேர்த்தால் ரத்த நீரின் கம்ப்ளிமென்ட் வேலை நின்றுவிடுகிறது என்று 1903இல் ஃபிளெக்ஸ்னர், நோகுச்சி என்ற ஆய்வாளர்கள் கண்டார்கள். பின்னால் காரணம் தெரிந்தது. அந்த விஷத்தில் நம் சி3 துண்டின் வேடம் போட்ட புரதம் ஒன்று இருக்கிறது. எச் காரணியால் அதை அணைக்க முடியாது. கம்ப்ளிமென்ட் முழுக்கத் தீரும்வரை எரிந்துகொண்டே இருக்கும். விரியன் உறைதலுக்குச் செய்ததை நாகம் கம்ப்ளிமென்ட்டுக்குச் செய்கிறது. கம்ப்ளிமென்ட் இல்லாத விலங்கில் ஒரு நோய் எப்படி நடக்கிறது என்று பார்க்க, ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாக இந்தப் புரதத்தைத்தான் கருவியாக வைத்திருக்கிறார்கள்.

ஆசான்மார் மேல் எனக்கு மரியாதை உண்டு. சுளுக்குக்கு நானே போயிருக்கிறேன். ஆனால் பச்சிலையில் பிழைத்ததாகச் சொல்லப்படுபவர்களில் பலரை விஷமில்லாத பாம்போ, விஷம் இறக்காமல் கடித்த பாம்போதான் கடித்திருக்கும். தீர்ந்துபோன ஃபைப்ரினோஜெனைப் பச்சிலை கொண்டுவராது. சுற்றும் விஷத்தையும் பிடிக்காது. போகும் வழியில் ஆசானிடம் இறங்கியிருந்தால் இழந்திருக்கக்கூடியது நேரம். நீங்கள் செய்த ஒரே தவறு இறுகக் கட்டியது. விரியன் கடித்த காலில் இறுகக் கட்டு போட்டால் தசை அழுகலாம். காலை அசைக்காமல் கம்பு வைத்துத் தாங்கி, படுக்கவைத்துக் கொண்டுபோனாலே போதும்.

இப்போது செய்ய வேண்டியது உங்கள் சமையலறையில் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இளநீரும் மட்டி வாழைப்பழமும் வாங்கி வருவார்கள். இரண்டிலும் பொட்டாசியம் நிறைய. சிறுநீரகம் தேறிவரும் நேரத்தில் அது ஏறினால் இதயம் நின்றுவிடலாம். பொட்டாசியம் அளவு பார்த்து டாக்டர் சம்மதிக்கும்வரை இளநீர் வேண்டாம், வந்தவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். கருவாடு, ஊறுகாய் வேண்டாம். மரச்சீனியிலும் (மரவள்ளிக் கிழங்கு) பொட்டாசியம் உண்டு. துண்டாக்கி வேகவைத்துத் தண்ணீரை இறுத்துக் கொஞ்சமாகச் சாப்பிடலாமா என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். மூட்டு வலிக்கிறது என்று மெடிக்கல் ஸ்டோரில் டைக்ளோஃபெனாக் வகை மாத்திரையை வாங்கிக் கொடுக்கவே கூடாது. தேறும் சிறுநீரகத்தை அது மறுபடி தள்ளிவிடும். கிரியாட்டினின் இயல்புக்கு வந்த பிறகும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். குறைந்தது ஒரு வருடம். சிறுநீர் நன்றாகப் போகிறது என்பதை மட்டும் வைத்து நிறுத்திவிடாதீர்கள்.

இன்னொன்று. கண்ணாடி விரியன் விஷம் சிலருக்கு மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் கெடுக்கும். மாதங்கள் கழித்து அசாத்தியச் சோர்வு, குளிர் தாங்காமை, முகத்திலும் அக்குளிலும் முடி உதிர்வது என்று வரும். வயசாகிவிட்டது என்று விட்டுவிடாமல் ஹார்மோன் பரிசோதனை கேளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அப்பா கேட்டிருப்பார்: மறுபடி பால் வெட்டப் போகலாமா? கிரியாட்டினின் நிலைத்து, ரத்தசோகை தெளிந்த பிறகு போகலாம்; மூன்று மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். விடிந்த பிறகு போ என்று நான் சொன்னால் சிரிப்பார். மரத்துக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும் அதிகாலையில்தான் பால் நன்றாக இறங்கும் என்பது அவருக்கு என்னைவிடத் தெரியும். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போடட்டும். நெற்றி விளக்கு மரப்பட்டையை மட்டுமே காட்டும். காலடிக்கு இன்னொரு டார்ச் வேண்டும். மரத்தடிச் சருகைச் சுற்றிலும் ஒரு முழத்துக்குப் பெருக்கி அகற்றத் தோட்டக்காரரிடம் சொல்லுங்கள். அடுத்த முறை பரிசோதனைக்குப் போகும்போது, அந்த ரத்தப் பூச்சு ரிப்போர்ட்டின் நகலையும், ஏற்றிய 20 குப்பிகளின் விவரம் இருக்கும் டிஸ்சார்ஜ் தாளையும் கையோடு கொண்டுபோங்கள். இன்னொரு தடவை கடித்தால், குதிரையின் ரத்தத்திலிருந்து செய்யப்படும் அந்த மருந்தை அவர் ஏற்கெனவே வாங்கியவர் என்பதைப் பணியிலிருக்கும் டாக்டர் முதல் நிமிடத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.